முறிந்த எலும்பும் நோயாளியின் கேள்வியும்

மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் புகைவண்டியில் டோம்பிவிலித் தமிழர்கள் ஏறுவது கல்யாண் நிலையத்தில். பூனா, சோலாப்பூர், குந்தக்கல் எனப் பகலும் இரவுமாக ஓடிய வண்டி ரேணிகுண்டாவைத் தாண்டியதும், பெட்டியில் உறங்கிக் கிடந்தோர் எழுந்து மூட்டை முடிச்சுக்களைச் சரிபார்க்கத் தொடங்குவர். திருத்தணி மலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் ஒரு சிறிய ஊர் சன்னலோரம் வந்து போகும். அதன் பெயர் புத்தூர். ஆந்திர நாட்டு எல்லைக்குள் இருக்கும் அவ்வூரின் பெயரைத் தமிழ்நாட்டில் அறியாத வீடு இல்லை. “புத்தூர் கட்டு” என்ற பெயர்ப்பலகை தொங்காத கடைவீதியும் அங்கே அரிது. 1911 ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த வட்டாரமாதலின், அதன் கீர்த்தி தமிழ் பேசுவோரிடத்தும் தெலுங்கு பேசுவோரிடத்தும் ஒருங்கே பரவியதில் வியப்பில்லை.

அங்கே எலும்பு கட்டும் தொழிலை ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றனர். வேட்டையில் கால் முறிந்த முயலொன்றைச் சமையலுக்காகத் தழைகளில் சுற்றி வைத்ததாகவும், பின்னர் அவிழ்த்தபோது அம்முயல் ஓடிவிட்டதாகவும், அத்தழை எதுவெனத் தேடியதிலிருந்தே இவ்வைத்தியம் பிறந்ததாகவும் கதையொன்று வழங்குகிறது. முயல் எத்தனை தூரம் ஓடியது என்று நான் கேட்கப் போவதில்லை. இலைச்சாறும் முட்டையின் வெண்கருவும் தோய்ந்த துணி, அதன்மேல் மூங்கில் பத்தை, அதன்மேல் மீண்டும் துணி என்னும் அந்தக் கட்டைப் போட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எண்ணிறந்தோர் என்பது மட்டும் கதையன்று.

என் தந்தையார் அந்த வட்டாரத்தவர். பொதட்டூர்பேட்டையில் குழித்தறி நெய்தவர். அவர் பிறந்த காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை இராச்சியத்துடன் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் அவருக்கு இரு கைகள் போன்றவை. மூன்றாவது மொழி கிடையாது. தறியை விற்றுவிட்டு என்னோடு டோம்பிவிலிக்கு வந்து தங்கிய மறு ஆண்டு, அதாவது 2009 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், இரயில் நிலையத்து மேம்பாலத்தின் நனைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழேயுள்ள இரண்டு எலும்புகளும் முறிந்தன. அவரைத் தூக்கி ஆட்டோவில் கிடத்தியபோது அவர் சொன்ன முதற் சொல், “டேய், புத்தூருக்கு டிக்கெட் போடு” என்பதே.

நான் புத்தூருக்கு டிக்கெட் போடவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்று மாலையே காலில் மாவுக்கட்டுப் போட்டார்கள். இரவில் துணைக்கு ஆள் தங்குவதற்கு இடமில்லை என்றதால் நான் வீடு திரும்பினேன். அந்த இரவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளைச் சொல்ல வேண்டும். மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகக் காலந்தள்ளும் எனக்குச் சுற்றறிக்கைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றிப் பழக்கமுண்டு. நெசவாளியின் கேள்விகளை டாக்டரின் மொழிக்கு மாற்றும்போதுதான் அத்தொழிலின் அருமை விளங்கிற்று. கட்டு எத்தனை நாள் இருக்க வேண்டும்? ஏன் இத்தனை இறுக்கம்? உள்ளே இரும்பு வைத்தால் துருப்பிடிக்காதா? வலிக்கிற காலை ஏன் ஆட்டச் சொல்கிறீர்கள்? மறுபடி தறியில் உட்கார முடியுமா? உலகில் எலும்பு முறிந்தவர் அனைவரும் கேட்கும் கேள்விகள் இவையே. இவற்றின் விடைகளைத் தேடிச் சென்றால், எலும்பு வைத்தியத்தின் சரித்திரமே கைக்கு வந்துவிடுகிறது.

முதற் கேள்விக்கு நம் நாட்டு நூலொன்றிலேயே விடை இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையதெனக் கருதப்படும் சுசுருத சம்ஹிதையில் முறிவுக்கென்று தனி அத்தியாயங்கள் உண்டு. மூட்டு நழுவுதல் ஆறு வகை, எலும்பு முறிதல் பன்னிரண்டு வகை என்று அந்நூல் பிரிக்கிறது. இளமையில் ஒரு திங்களில் கூடும் எலும்பு, நடுவயதில் இரு திங்களும், முதுமையில் மூன்று திங்களும் எடுத்துக்கொள்ளும் என்கிறது. இன்றைய டாக்டர் இன்ன எலும்பு, இன்ன முறிவு, புகை பிடிப்பவரா, நீரிழிவு உண்டா என்றெல்லாம் பார்த்துச் சொல்வார். ஆயினும் குழந்தையின் எலும்பு விரைவில் கூடும், முதியவரின் எலும்பு தாமதிக்கும் என்ற அடிப்படை மாறவில்லை. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அதனுள் மெல்லிய இழைகளும் குருத்தும் தோன்றிப் பாலம் அமைக்கின்றன. அப்பாலத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாகிறது. அதன் பின்னும் பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள், உடல் அந்தக் கரடுமுரடைச் செதுக்கிச் சீராக்குகிறது. கட்டும் மருந்தும் எலும்பை ஒட்டுவிப்பதில்லை. ஒட்டுவது எலும்பே. அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் வைத்தியனின் வேலை.

இரண்டாவது கேள்வியாகிய இறுக்கத்தைப் பற்றியும் சுசுருதம் பேசுகிறது. கட்டுத் தளர்ந்தால் மூட்டு நிலைபெறாது. மிக இறுகினால் வீக்கமும் வலியும் உண்டாகித் தோல் பழுத்துவிடும். ஆகையால் இரண்டுக்கும் நடுவான கட்டே உத்தமம் என்பது அதன் கருத்து. குளிர்காலத்தில் ஏழு நாளுக்கொரு முறையும், கோடையில் மூன்று நாளுக்கொரு முறையும், இடைப்பட்ட பருவத்தில் ஐந்து நாளுக்கொரு முறையும் கட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்கிறது. அரசு, ஆல், அத்தி, மருது, மூங்கில் முதலியவற்றின் பட்டையும் பத்தையும் கட்டுக்கு ஏற்றவை என்கிறது. கால் முறிந்தவனைப் பலகையிற் கிடத்தி, ஐந்து முளைகளை அறைந்து, அசையாதபடி நிறுத்தும் முறையும் அதில் உண்டு. இத்தனை நுணுக்கம் கண்ட மரபு ஏட்டிலே நின்றுவிட, கைத்திறன் மட்டும் புத்தூர் ராஜுக்களிடமும், குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடமும், நம் மராத்தி அண்டை வீட்டார் “ஹாட்வைத்ய” என்றழைக்கும் எலும்பு வைத்தியரிடமும் சிதறிக் கிடந்தது. ஏடு படித்தவன் கட்டுப் போடவில்லை. கட்டுப் போட்டவன் ஏடு படிக்கவில்லை.

மாவுக்கட்டு என்னும் நம் சொல்லையும் இங்கே சற்றுப் பார்க்கலாம். முட்டை வெண்கருவில் உளுத்தமாவைக் குழைத்துத் துணியிற் பூசிக் கட்டிய பழக்கம் நம்மிடையே இருந்ததால், வெள்ளைக்காரன் கொண்டுவந்த கட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. ஐரோப்பாவில் இதற்கு முன்னோடியாக இருந்ததும் ஒரு மாவே. பெல்ஜிய நாட்டு வைத்தியர் செத்தாங் என்பவர் 1830களில் கஞ்சியில் தோய்த்த துணியைச் சுற்றி உலரவிட்டார். இதை என் தந்தையாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பாவுக்குக் கஞ்சி போட்டு நூலை விறைக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அதில் புதுமை என்ன இருக்கிறது? ஆனால் கஞ்சி உலர நாளாகும். போர்க்களத்தில் நாள் ஏது? 1851 இல் ஹாலந்து நாட்டு இராணுவ வைத்தியர் அந்தோனியுஸ் மத்தைசென், ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுட்டுப் பொடித்த பாரிஸ் சாந்தைத் துணியில் தேய்த்து, நீரில் நனைத்துச் சுற்றும் முறையைக் கண்டார். சூட்டினால் நீரை இழந்த அப்பொடி, மீண்டும் நீர் பட்டதும் சில நிமிடங்களில் இறுகிக் கல்லாகிவிடுகிறது. இறுகும்போது காலில் வெதுவெதுப்பாகத் தெரிவது அதனால்தான். சில ஆண்டுகளில் கிரிமியாப் போரிலே ருஷ்ய வைத்தியர் பிரகோவ் இதைப் பெருவாரியாகக் கையாண்டார்.

கல்லாக இறுகுவதே அதன் நன்மை; அதன் ஆபத்தும் அதுவே. முறிந்த காலில் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வீக்கம் ஏறும். துணிக்கட்டானால் சற்று இளகும். சாந்துக்கட்டு இளகாது. உள்ளே சதைக்குப் போகும் இரத்தம் தடைப்படும். ஜெர்மானிய வைத்தியர் ரிச்சர்ட் ஃபோல்க்மன் 1881 இல் இறுகிய கட்டினால் கை சுருங்கிப் பறவையின் நகம்போல் மடங்கிவிட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே அந்த ஊனம் இன்றும் வழங்குகிறது. சில மணி நேரம் கவனிக்காமல் விட்டாலும் சதை செத்துவிடும். செத்த சதை திரும்புவதில்லை. நாட்டுக்கட்டுப் போட்டவர்களிற் சிலர் விரல் கறுத்து, கையையோ காலையோ இழந்து, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வருவதை அரசாங்க வைத்தியர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது மெய்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் போட்ட கட்டும் இறுகும் என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

அந்த இரவைச் சொல்லும் இடம் இதுவே. நள்ளிரவுக்குப் பிறகு தந்தையாரின் காலில் வலி புதுவிதமாக எழுந்தது. முறிந்த இடத்து வலி அன்று. கெண்டைக்கால் முழுவதும் பிழிவதுபோன்ற வலி. கால்விரல்களில் உணர்ச்சி குறைந்தது. அவர் பணியாளரை அழைத்து, “கால் மரத்துப் போச்சு, மரத்துப் போச்சு” என்று சொல்லியிருக்கிறார். மராத்தியிலும் இந்தியிலும் “மர்” என்றால் சாவு. கிழவர் சாவுக்கு அஞ்சுகிறார் என்றெண்ணிய அந்த நல்ல மனிதர் அவர் தோளைத் தட்டி, “மரணார் நாஹி, பாபா, மரணார் நாஹி” என்று ஆறுதல் சொல்லிச் சென்றார். சாகமாட்டீர்கள் என்பது பொருள். தந்தையார் மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே ஆறுதல் கிடைத்தது. பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். தனக்குத்தான் பொறுமை இல்லை போலும் என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மனம் ஒப்பாமல் நான் விடியுமுன் முதல் லோகல் வண்டியில் போய்ச் சேர்ந்தேன். விரல்கள் வீங்கி மங்கியிருந்தன. பெருவிரலை நான் மேலே தூக்கியதும் அவர் அலறிவிட்டார். இந்தியில் “ஸுன்ன” என்றும், மராத்தியில் “பதிர்” என்றும் இரண்டு சொற்களை நான் சொன்னேன். பணியிலிருந்த இளம் டாக்டர் எழுந்து ஓடிவந்தார். கட்டையும் அதனடியிலிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை நெடுக வெட்டிப் பிளந்தார்கள். சிறிது நேரத்தில் விரல்களில் நிறம் திரும்பிற்று. இன்னும் தாமதித்திருந்தால் சதையுறையைக் கத்தியால் திறக்க நேர்ந்திருக்கும். அதற்கும் மேல் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார் அவர். குற்றம் யாருடையது என்று நான் அன்று தேடவில்லை. ஒரு சொல் போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

இதனால் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழில் வலிக்குச் சொற்கள் பல. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், தெறிப்பு, எரிச்சல், இசிவு, விறுவிறுப்பு, மதமதப்பு என ஒவ்வொன்றும் வேறு. எலும்பிலிருந்து எழுவதும், நரம்பிலிருந்து எழுவதும், சதையிலிருந்து எழுவதும் அச்சொற்களிலேயே பிரிந்து நிற்கின்றன. வெளிமாநிலத்தில் நாம் இவை அனைத்தையும் “தர்த்” என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். விறுவிறுப்பை மராத்தியில் “முங்க்யா” என்பர். எறும்புகள் ஊர்வது என்று பொருள். இந்தியில் “ஜுன்ஜுனி”. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வரும்போது, இச்சொற்களை ஒரு தாளில் எழுதித் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவது பழங்கள் வாங்கி வைப்பதைவிட உபயோகமானது. கட்டுப் போட்டபின் மருந்துக்கும் அடங்காமல் வளரும் வலி, விரலை அசைத்தால் மிகும் வலி, மரத்தல், விரல் நீலித்தல் அல்லது வெளுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் விடியும்வரை காத்திருக்கலாகாது.

நாட்டு வைத்தியனும் பட்டம் பெற்ற டாக்டரும் முகங்கொடாமல் நின்ற கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் அது வழக்கு மன்றம் வரை சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவின் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய சிறுவன் ஒருவனைப் பற்றிய செய்தி உண்டு. அவன் பேசிய மொழி யாருக்கும் விளங்கவில்லை. ஒரு குடியானவர் எடுத்து வளர்த்து இவான் தாமஸ் என்று பெயரிட்டார். அவன் கைகளுக்கு எலும்பு கட்டும் வித்தை வாய்த்திருந்தது. அவன் சந்ததியாரும் அத்தொழிலே செய்தனர். அவ்வழி வந்த மற்றோர் இவான் தாமஸ் லிவர்ப்பூல் நகரத்தில் கடை விரித்தார். தொழிலாளர்கள் திரள்திரளாக வந்தனர். டாக்டர்கள் அவர்மீது வழக்குமேல் வழக்குத் தொடுத்தனர். மனம் வெறுத்த அவர் தம் ஐந்து புதல்வர்களையும் மருத்துவம் படிக்க அனுப்பினார், ஐவரும் டாக்டர்களாயினர். மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ். அவர் 1834 இல் பிறந்தவர்.

தந்தையின் விரல்கள் அறிந்ததை மகன் புத்தகத்தில் ஏற்றினார். இரும்புக்கம்பியை வளைத்துத் தொடையடியில் ஒரு வளையம் பொருந்தும்படி அவர் செய்த தாங்கி, காலை இழுத்த நிலையில் அசையாமல் வைத்தது. லண்டன் வைத்தியர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிறுதோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்துகொண்டே 1891 இல் அவர் மறைந்தார். அவருடைய மருமகன் முறையினரான ராபர்ட் ஜோன்ஸ் அந்தத் தாங்கியை விடவில்லை. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் தொடையெலும்பில் குண்டு பாய்ந்தோரில் நூற்றுக்கு எண்பது பேர் மாண்டனர் என்றும், போர்க்களத்திலேயே தாமஸ் தாங்கியைப் பூட்டும் வழக்கம் வந்தபின் அது இருபதுக்குள் இறங்கிற்று என்றும் போர் மருத்துவ வரலாறு குறிக்கிறது. இன்றும் ஆஸ்பத்திரி வண்டிகளில் அதே பெயருள்ள தாங்கியைக் காணலாம்.

அந்த லிவர்ப்பூலிலேதான் நம் நாட்டு எலும்பு மருத்துவத்தின் வேரும் ஓடியிருக்கிறது. எலும்பு அறுவைக்கென்றே தனிப் பட்டம் வழங்கிய அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இந்திய வைத்தியர் பலர் பயின்றனர். அவர்களுள் ஒருவர் மங்களூர்க்காரரான டாக்டர் எம். ஜி. கினி. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பணியாற்றி, முழங்கை மூட்டு நழுவலைப் பற்றி வெளிநாட்டு ஏடுகளிலும் எழுதியவர். 1955 இல் இந்திய எலும்பு மருத்துவர் சங்கம் தோன்றிற்று; அவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவு நடத்தும் வழக்கமும் அச்சங்கத்துக்கு உண்டு. கடலில் ஒதுங்கிய சிறுவனின் கைவித்தை, மூன்று நான்கு தலைமுறைக்குப் பின், பட்டம் பெற்ற டாக்டர்கள் வழியே சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. புத்தூரிலிருந்து வந்திருந்தால் எழுபது எண்பது மைல்தான்.

முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அடிபட்ட முழங்கையை எண்ணெய் விட்டு உருவிவிடுவதுபோலத் தீமை வேறில்லை. உருவ உருவச் சதைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு மரக்கட்டையாகிவிடும். குழந்தைகளுக்கு இது மிக எளிதில் நேரும்.

எக்ஸ்ரே வருவதற்கு முன் கட்டுபவனுக்குக் கண் அவன் விரல்நுனியே. 1895 நவம்பர் 8 அன்று ராண்ட்ஜென் அந்தக் கதிரைக் கண்டார். மூன்றே மாதங்களில், 1896 பிப்ரவரியில், லிவர்ப்பூலில் ஒரு சிறுவனின் மணிக்கட்டில் புதைந்த குண்டைப் படமெடுத்துப் பார்த்தவர்களுள் ராபர்ட் ஜோன்ஸும் ஒருவர். சென்னையில் 1934 இல் பொது மருத்துவமனையோடு சேர்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் எழுந்தது. நகர்ந்திராத எளிய முறிவு எந்தக் கட்டிலும் கூடிவிடும். அதனாலேயே புத்தூர் கட்டில் குணமானோர் பொய் சொல்லவில்லை. மூட்டுக்குள் ஓடிய முறிவு எது, நகர்ந்த முறிவு எது, புற்றோ காசநோயோ அரித்ததால் முறிந்தது எது என்பதை விரல்நுனி முழுதும் சொல்லாது. தோல் கிழிந்து எலும்பு வெளித்தெரிந்தால் இலைச்சாறு அங்கே நஞ்சாகக்கூடும்.

இனி, துருப்பிடிக்குமா என்ற கேள்வி. தந்தையாரின் காலில் வீக்கம் வடிந்தபின், எலும்பின் நடுத்துளையில் நீண்ட கம்பி ஒன்றைச் செலுத்த வேண்டும் என்றார் டாக்டர். “மழை ஊரில் ஆணி துருப்பிடிக்கிறது, காலுக்குள் ஈரம் இல்லையா?” என்று அவர் கேட்டார். நான் இதை மொழிபெயர்க்கக் கூச்சப்பட்டேன். டாக்டரோ கேள்வியை மெச்சினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லேன் என்பவர் எஃகுத் தகடுகளை வைத்து முறிவைப் பூட்டினார். அவற்றில் பல உடம்புக்குள் அரித்துப்போயின. அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்து வைத்தியர்கள் வெனபிளும் ஸ்டக்கும் 1930களில் ஆராய்ந்து, வெவ்வேறு உலோகங்கள் உடல்நீரில் ஒருங்கிருந்தால் மின்கலத்தில் நேர்வதுபோல் ஓட்டம் உண்டாகி உலோகம் கரைகிறது என்று காட்டினர். அதிலிருந்தே கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த கலவையும், தகுந்த துருவா எஃகும், பின்னர் டைட்டானியமும் வந்தன. இவற்றின் மேல் தானே படியும் மெல்லிய படலம் அரிப்பைத் தடுக்கிறது. நெசவாளியின் ஐயத்துக்கு விடை காண விஞ்ஞானத்துக்கு நாற்பது ஆண்டு பிடித்தது.

அந்த உள்துளைக் கம்பியை 1939 இல் ஜெர்மனியின் கீல் நகரில் முதலிற் செலுத்தியவர் கெர்ஹார்ட் கூன்ட்ஷர். போர் நடந்துகொண்டிருந்ததால் செய்தி வெளியேறவில்லை. ஜெர்மனியரிடம் சிறைப்பட்டிருந்த போர்வீரர்கள் ஊர் திரும்பியபோது, அவர்கள் தொடையை எக்ஸ்ரே எடுத்த நேசநாட்டு வைத்தியர்கள் எலும்புக்குள்ளே நீண்ட கம்பியைக் கண்டு திகைத்தனர். சித்திரவதையோ என்று ஐயுற்றோரும் உண்டாம். அந்தக் கைதிகளோ நடந்து வந்திருந்தனர்.

முறிவு ஒரு பாதி. தேய்வு மறு பாதி. மாதுங்காவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி பத்தாண்டுகளாக முழங்கால் வலியோடு கோயிற்படி ஏறுகிறவர். “மாத்தின மூட்டு எத்தனை வருஷம் உழைக்கும்?” என்பது அவர் கேள்வி. இக்கேள்வியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கில வைத்தியர். பாரிஸ் நகரத்து ஜூதே சகோதரர்கள் 1946 இல் அக்ரிலிக்கில் செய்த இடுப்பு மூட்டைப் பொருத்திக்கொண்ட ஒருவர், தாம் அசையும்போதெல்லாம் மூட்டுக் கிறீச்சிடுவதாகவும், அந்த ஓசை பொறுக்காமல் மனைவி விலகிச் செல்வதாகவும் சார்ன்லியிடம் முறையிட்டார். பிறர் சிரித்திருப்பர். உராய்வு ஏன் இத்தனை என்று சார்ன்லி யோசித்தார். முதலில் டெஃப்லானைக் குழியாக வைத்தார். ஏறத்தாழ முந்நூறு பேருக்கு வைத்தபின், இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தேய்ந்து உடலுக்குள் கட்டியாகத் திரண்டது. அதைத் தம் தொடையிலேயே புதைத்து அதன் தீமையைச் சோதித்தார். தாம் வைத்தவற்றைத் தாமே அறுத்து எடுத்தார். 1962 இல் விற்பனையாளர் ஒருவர் காட்டிய பாலிஎதிலீன் துண்டை அவருடைய உதவியாளர் கிரேவன் உராய்வு இயந்திரத்தில் ஓடவிட்டார். அது தேய மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் பொருத்தியதே இன்றைய மாற்று மூட்டுகளுக்கெல்லாம் மூதாதை. தாம் இறந்தபின் அந்த மூட்டைத் திருப்பித் தருவதாக நோயாளிகளிடம் அவர் இசைவு பெற்றிருந்தார். எவ்வளவு தேய்ந்தது என்று அளக்க வேண்டுமல்லவா?

மாமிக்கு விடை, பெரும்பாலோருக்குப் பதினைந்து இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் என்பதே. ஆனால் சம்மணமிட்டுத் தரையில் அமர்வதை அதன்பின் பெரும்பாலும் குறைக்கச் சொல்வார்கள். செலவைக் கேட்பவர்களுக்கு ஒன்று: முழங்கால் மாற்று உறுப்புக்களின் விலைக்கு இந்திய அரசாங்கம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. உறுப்பின் விலை வேறு, ஆஸ்பத்திரிச் செலவு வேறு என்று இரண்டையும் தனித்தனியே எழுதித் தரக் கேட்பது நல்லது. பிரண்டையைத் துவையலாக அரைத்து உண்பதை யாரும் தடுக்கவில்லை. இந்தியில் அதற்கே “ஹட்ஜோட்”, எலும்பொட்டி, என்று பெயர். நகர்ந்த எலும்பை அது நேராக்காது.

வலிக்கிற காலை ஏன் ஆட்ட வேண்டும்? சுசுருதத்தில் உள்ளங்கை முறிந்தவனுக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறது. கட்டு அவிழ்ந்தபின் முதலில் மண்ணுருண்டையைப் பிடிக்க வேண்டும், பிறகு உப்புக்கட்டியை, கையில் வலிமை வந்தபின் கல்லை. மும்பையில் ஹாஜி அலி தர்காவுக்கு எதிரே 1955 இல் நிறுவப்பட்ட அகில இந்திய உடலியல் மறுவாழ்வு நிலையத்தில் மெழுகு, இரப்பர்ப் பந்து, எடைக்கல் என்று வரிசையாகப் பிடிக்கச் சொல்லும்போது, அந்த மண்ணும் உப்பும் கல்லுமே என் நினைவுக்கு வரும். அசையாத மூட்டு இறுகும். அசையாத சதை வற்றும். பளு தாங்காத எலும்பு சுண்ணாம்பை இழக்கும். தாமஸ் ஓய்வே மருந்து என்றார். கம்பியும் தகடும் வந்தபின் அவ்வோய்வு எலும்புக்கு மட்டும் உரியதாயிற்று; மனிதனை மறுநாளே எழுப்பி உட்கார்த்துகிறார்கள். இடுப்பு முறிந்த முதியவர்கள் மாதக்கணக்கில் படுக்கையிற் கிடந்து, முதுகு புண்ணாகி, நுரையீரலில் சளி கட்டி மாண்ட பழங்காலம் அவ்விதமே குறைந்தது.

என் தந்தையார் ஐந்தாம் மாதம் கோலை விட்டார். குழித்தறியில் உட்கார முடியுமா என்ற கேள்விக்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. மிதிப்பலகையை எப்படி மிதிப்பது என்று அவரையே நாற்காலியில் அமர்த்திக் காட்டச் சொன்னார். அவர் காட்டினார். அதையே நாள்தோறும் நூறு முறை செய்யுங்கள் என்றார் டாக்டர். பாவும் ஊடையும் இல்லாத தறியை எங்கள் டோம்பிவிலி வீட்டுக் கூடத்தில் அவர் நாள்தோறும் மிதித்தார்.

மறு ஆண்டு கல்யாணில் ஏறி ஊருக்குப் புறப்பட்டோம். ரேணிகுண்டா கடந்ததும் சன்னலருகே வந்து உட்கார்ந்துகொண்டார். சைகை கிடைக்காமல் வண்டி புத்தூரில் சற்று நின்றது. எதிர் மேடையில், தோளிலிருந்து கைவரை புதுத் துணிக்கட்டோடு, தாயின் மடியில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருந்தான். தந்தையார் சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து அந்தத் தாயை அழைத்து, பிள்ளைக்கு விரல் அசைகிறதா என்று தெலுங்கில் உரக்கக் கேட்டார். அவள் திகைத்து மகனைப் பார்த்தாள். சிறுவன் கையைச் சற்றே தூக்கி, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக் காட்டினான். வண்டி நகர்ந்தது.